சர்வர் ரேம் வாங்குமுன் கடைசி எழுத்தைப் பாருங்கள்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1,200 ரூபாய் கொடுத்து இரண்டு ரேம் ஸ்டிக் வாங்கினேன். ஒவ்வொன்றும் 8 ஜிபி. சர்வரில் போடுகிற ரேம், ஈசிசி உள்ளது, விலையோ நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து போட்டேன். ஸ்லாட்டில் சரியாகப் பொருந்தியது, ஓரத்துக் கிளிப் இரண்டும் 'டக்'கென்று மூடின. சுவிட்சைத் தட்டினால் விசிறி மட்டும் சுற்றுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றி, துடைத்து, மாற்றிப் போட்டு, ஒன்றை மட்டும் போட்டு, எல்லாம் செய்து பார்த்தாச்சு. ஊஹூம்.

கடைக்காரர் மேல் தப்பே இல்லை. "எந்த மெஷினுக்கு சார்?" என்று கேட்டார். "சர்வருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். "இது சர்வர் ரேம்தான் சார். பழைய சரக்கு, திரும்ப எடுக்க மாட்டோம், பார்த்துக்குங்க" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அது சர்வர் ரேம்தான். என் சர்வருக்கான ரேம் இல்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் ஸ்டிக்கரில் இருந்த ஒரே ஓர் எழுத்து.

அந்த 1,200 ரூபாய்க்குக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய பெட்டி ஒன்றை வீட்டு சர்வராக்கி, கையில் இருக்கிற காசுக்குள் ரேமைக் கூட்ட நினைக்கிறவர்களுக்கு உதவும்.

என்ன பெட்டி, ஏன் இவ்வளவு மெனக்கெடல்

என்னிடம் இருப்பது எச்பி ப்ரோலயன்ட் மைக்ரோசர்வர் ஜென்8. 2013-ல் வந்த மாடல். பார்க்க ஒரு சின்னப் பெட்டி மாதிரி இருக்கும். நான்கு ஹார்ட் டிஸ்க் போடலாம், ரேமுக்கு இரண்டே ஸ்லாட், உள்ளே செலரான் ஜி1610டி ப்ராசஸர். செகண்ட் ஹேண்டில் 4 ஜிபி ரேமோடு வாங்கினேன்.

இதற்கு முன்னால் ஒரு பழைய டெஸ்க்டாப்பைத்தான் சர்வராக ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் சாதாரண ரேம். அப்பா எடுத்த படங்கள், தாத்தா எழுதிய கடிதங்கள், கல்யாண ஆல்பங்கள் என்று வீட்டில் கிடந்ததையெல்லாம் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து அதில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் அக்கா ஒரு படம் கேட்டாள். திறந்தால் மேல் பாதி சரியாக இருக்கிறது, கீழ் பாதி முழுக்கச் சாம்பல் நிறம். சரி, ஏதோ ஒரு ஃபைல் கெட்டுவிட்டது என்று பேக்கப்பைத் திறந்தேன். அங்கேயும் அதே சாம்பல்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் மாட்டியது ரேம். ஒரு ஸ்டிக் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தது. ஒரு ஃபைலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும்போது அது முதலில் ரேமுக்குள் வந்துதான் வெளியே போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால், மாறிப்போனதை ஹார்ட் டிஸ்க் மிக நேர்மையாக எழுதி வைத்துக்கொள்ளும். பேக்கப்பும் அதையே எடுத்துக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. ஒவ்வொரு ஃபைலாகச் சரிபார்த்ததில் 23 படங்கள் கெட்டிருந்தன. 19 படங்கள் அக்காவின் பழைய பென்டிரைவில் கிடைத்தன. நான்கு போயே போய்விட்டன. அவற்றின் அசல் பிரதிகள் வீடு மாற்றும்போதே மழையில் நனைந்து போயிருந்தன.

அதனால்தான் அடுத்த பெட்டியில் ஈசிசி ரேம் வேண்டும் என்று முடிவு செய்தேன். ஈசிசி என்பது பிழை திருத்தும் வசதி. சாதாரண ரேமில் ஒரே நேரத்தில் 64 பிட் தரவு போய் வருகிறது. ஈசிசி ரேமில் அதோடு 8 பிட் சரிபார்ப்புத் தகவலும் சேர்ந்து 72 பிட். இந்த எட்டை வைத்து, ஒரு பிட் மாறியிருந்தால் ப்ராசஸர் அதைத் தானே திருத்திவிடும். இரண்டு பிட் மாறியிருந்தால் திருத்த முடியாது, ஆனால் தப்பு நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். எனக்கு நடந்தது மாதிரி சத்தமில்லாமல் படம் கெட்டுப்போகிற வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

இது அபூர்வமாக நடக்கிற விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர், கூகுளில் வேலை பார்த்த இருவரோடு சேர்ந்து, கூகுளின் சர்வர்களை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேலான ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவாகியிருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: எப்போதாவது வந்து போகிற தற்செயல் பிழைகளைவிட, ஸ்டிக்கில் இருக்கும் நிரந்தரக் கோளாறால் வருகிற பிழைகள்தான் அதிகம் என்றார்கள். பழைய ரேம் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைக்கணும். கீழே திரும்ப இதற்கு வருகிறேன்.

முதல் கேள்வி: ரேம் உண்மையிலேயே போதவில்லையா?

காசு செலவழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். லினக்ஸில் 'ஃப்ரீ' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது காட்டும் பட்டியலில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பயப்படக்கூடாது. சும்மா கிடக்கிற ரேமை லினக்ஸ், டிஸ்க்கில் இருந்து படித்ததை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும். வேண்டும்போது உடனே விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற பத்தி. வேலை நடக்கிற நேரத்திலும் அதில் தாராளமாக இடம் இருக்கிறது, ஸ்வாப் தொடப்படவே இல்லை என்றால் உங்களுக்கு ரேம் தேவையில்லை. அந்தக் காசில் இன்னொரு பேக்கப் டிஸ்க் வாங்குங்கள்.

இசட்எஃப்எஸ் போட்டால் ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிபி ரேம் கட்டாயம் என்று ஒரு கணக்கு இணையம் முழுக்கச் சுற்றுகிறது. வீட்டில் படமும் சினிமாவும் வைத்துக்கொள்கிற சர்வருக்கு அது சட்டம் இல்லை. ரேம் கூட இருந்தால் வேகம் கூடும், அவ்வளவே. ஒரே தரவு இரண்டு முறை சேமிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளும் டீடூப்ளிகேஷன் வசதியைப் போட்டால்தான் ரேமை அசுரத்தனமாகத் தின்னும். அதைப் போடாதீர்கள்.

என் விஷயத்தில் படங்களில் முகம் தேடுகிற மென்பொருளைப் போட்டதும் 4 ஜிபி மூச்சு முட்டியது. ஸ்வாப் நிரம்பி, பெட்டி அடிக்கடி உறைந்து நின்றது. ஆக, தேவைதான்.

ஸ்டிக்கரைப் படிப்பது எப்படி

ரேம் ஸ்டிக்கரில் பொதுவாக இப்படி ஒரு வரி இருக்கும்: '8ஜிபி 2ஆர்×8 பிசி3எல்-12800ஈ'. ஆங்கில எழுத்துகளில் இருக்கும், நான் தமிழில் எழுதியிருக்கிறேன். இதை இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

'8ஜிபி' தெரிந்ததுதான்.

'2ஆர்×8' என்பதில் 2ஆர் என்றால் இரண்டு ரேங்க். ரேங்க் என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்யும் சில்லுகளின் ஒரு குழு. ×8 என்றால் ஒவ்வொரு சில்லும் ஒரு தடவைக்கு 8 பிட் தரும். 64 பிட் வேண்டும் என்றால் 8 சில்லு. ஈசிசி என்றால் ஒன்று கூடுதல், 9 சில்லு.

'பிசி3' என்றால் டிடிஆர்3. பிசி4 என்றால் டிடிஆர்4. தலைமுறை மாறினால் வெட்டுக் குறி இருக்கும் இடமே மாறிவிடும், அதனால் தப்பாகப் போட முடியாது. பக்கத்தில் 'எல்' இருந்தால் குறைந்த மின்னழுத்தம்: சாதாரண டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், எல் உள்ளதுக்கு 1.35 வோல்ட். எல் உள்ள ஸ்டிக் 1.5 வோல்ட்டிலும் ஓடும். 1.35 மட்டுமே தருகிற போர்டில் எல் இல்லாத ஸ்டிக் ஓடாது. சந்தேகம் இருந்தால் எல் உள்ளதையே எடுங்கள்.

'12800' என்பது வேகம். நொடிக்கு 1,600 மில்லியன் பரிமாற்றம், ஒவ்வொன்றுக்கும் 8 பைட், பெருக்கினால் 12,800 மெகாபைட். இதில் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். வேகமான ஸ்டிக்கை மெதுவான பெட்டியில் போட்டால் அது மெதுவாக ஓடும், அவ்வளவுதான். என் செலரான் 1333-க்கு மேல் போகாது. 1600 ஸ்டிக்கும் அதில் 1333-ல்தான் ஓடுகிறது. வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

கடைசியில் இருக்கிறதே 'ஈ', அதுதான் நான் பார்க்காமல் விட்ட இடம். அங்கே நான்கு எழுத்துகளில் ஒன்று வரலாம்:

'யு' என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம், ஈசிசி இல்லை.
'ஈ' என்றால் அதே டெஸ்க்டாப் வகை, ஈசிசி உண்டு.
'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்டு வகை, பெரிய சர்வர்களுக்கு.
'எஸ்' என்றால் லேப்டாப்பில் போடும் குட்டை ரேம்.

இவை போக, மிகப் பெரிய கொள்ளளவுகளில் 'எல்' என்று முடிவதும் உண்டு. அதுவும் பெரிய சர்வர்களுக்கானதே.

நான் வாங்கிவந்த இரண்டிலும் இருந்தது 'ஆர்'. என் பெட்டிக்கு வேண்டியது 'ஈ'.

ஈசிசி இருந்தும் ஏன் ஓடவில்லை

ஈசிசி வேறு, ரெஜிஸ்டர்டு வேறு. கடைகளில் இரண்டையும் சேர்த்து 'சர்வர் ரேம்' என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பமே.

'யு', 'ஈ' வகைகளில் ப்ராசஸரில் உள்ள நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி ஸ்டிக்கில் உள்ள ஒவ்வொரு சில்லுக்கும் நேரடியாகக் கட்டளை அனுப்புகிறது. ஸ்டிக் கூடக்கூட அந்தச் சுமை ஏறிக்கொண்டே போகும். பத்துப் பன்னிரண்டு ஸ்டிக் போடுகிற பெரிய சர்வரில் இது தாங்காது. அதனால் 'ஆர்' வகையில் ஸ்டிக்கின் நடுவில் ரெஜிஸ்டர் என்ற ஒரு சில்லு உட்கார்ந்திருக்கும். கட்டளைகளை முதலில் அது வாங்கி, ஒரு துடிப்பு தாமதித்து, மற்றவற்றுக்கு அனுப்பும். இப்படி இடையில் ஓர் ஆள் இருக்கிறார் என்பது கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் தெரிந்திருக்கணும். என் செலரானுக்கு அது தெரியாது.

டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் 'ஈ'யும் 'ஆர்'ரும் ஒரே வடிவம், ஒரே வெட்டுக் குறி. அதனால்தான் ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தி என்னை ஏமாற்றியது. டிடிஆர்5-ல் இரண்டுக்கும் குறியின் இடத்தையே மாற்றிவிட்டார்கள், மாற்றிப் போட முடியாது. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்: நடுவில் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட அளவில் ஒரு சில்லு இருந்தால் அது 'ஆர்'. ஒரு பக்கத்தில் ஒரே மாதிரி 8 சில்லு இருந்தால் 'யு', 9 இருந்தால் 'ஈ'.

இன்னொன்றும் உண்டு. ஸ்டிக்கில் ஈசிசி இருந்தால் மட்டும் போதாது. ப்ராசஸரும் மதர்போர்டும் அதை ஏற்கணும். இங்கே இன்டெல் செய்திருக்கிற வேடிக்கையைப் பாருங்கள்: அந்தக் காலத்து ஐ5, ஐ7 டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் ஈசிசி கிடையாது. அதைவிட எத்தனையோ மலிவான என் செலரானில் உண்டு. ஏஎம்டி ரைசனில் பெரும்பாலும் மதர்போர்டைப் பொறுத்தது. வாங்குமுன் போர்டின் கையேட்டில் பார்த்துவிடுவது நல்லது.

16 ஜிபி ஸ்டிக் ஏன் கூடாது

இரண்டே ஸ்லாட், பேசாமல் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டால் 32 ஆகிவிடுமே என்று எனக்கும் ஆசை வந்தது. அது ஏன் நடக்காது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

அந்தத் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களுக்கு டிடிஆர்3-ல் ஒரு சில்லுக்கு 4 ஜிகாபிட் வரைதான் தெரியும். ஒரு ரேங்கில் 8 சில்லு, 8 × 4 = 32 ஜிகாபிட். எட்டால் வகுத்தால் 4 ஜிபி. ஒரு ஸ்டிக்கில் இரண்டு ரேங்க், ஆக 8 ஜிபி. ஈசிசிக்கான ஒன்பதாவது சில்லு கணக்கில் வராது. இரண்டு ஸ்லாட்டுக்கு 16 ஜிபி, அதோடு சரி. டிடிஆர்3-ல் 16 ஜிபி ஸ்டிக் மலிவாகக் கண்ணில் பட்டால் அது அநேகமாக 'ஆர்' வகைதான்.

இதேபோல இன்னொரு பொறி: இணையத்தில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று சொல்லி 8 ஜிபி டெஸ்க்டாப் ரேம் ரொம்பக் குறைந்த விலைக்கு வரும். அது ×4 சில்லுகளால் ஆனது. இன்டெல்லின் டெஸ்க்டாப் வகை ப்ராசஸர்கள் ×8, ×16 சில்லுகளை மட்டுமே ஏற்கும். இன்டெல் பெட்டிக்கு அதை வாங்கினால் என் கதைதான்.

மலிவாக இருப்பதன் காரணம்

'ஆர்' ரேம் ஏன் அவ்வளவு மலிவு? டேட்டா சென்டர்களில் பழைய சர்வர்களைக் கழிக்கும்போது ஒவ்வொன்றிலிருந்தும் பத்து இருபது ஸ்டிக் வெளியே வரும். எல்லாம் 'ஆர்'. வீட்டுப் பெட்டிகளில் அதைப் போட முடியாததால் வாங்க ஆள் குறைவு. 'ஈ' வகையோ சின்ன சர்வர்களிலும் சில ஒர்க்ஸ்டேஷன்களிலும் மட்டும் இருப்பது. வரத்தே கம்மி, தேடுகிறவர்கள் அதிகம். அதனால்தான் விலை இரண்டு மூன்று மடங்கு. அந்த விலை வித்தியாசத்தைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்கணும்.

அப்படியானால் 'ஆர்' போடக்கூடிய பெட்டியாகவே வாங்கிவிட்டால் என்ன? நல்ல யோசனைதான். எச்பி இசட்440 மாதிரி பழைய ஒர்க்ஸ்டேஷன்களில் எட்டு ஸ்லாட், டிடிஆர்4 'ஆர்' ரேம் போடலாம். ஆனால் கரண்ட் பில்லையும் சேர்த்துப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே 30 வாட் கூடுதலாக இழுத்தால், ஒரு நாளைக்கு 0.72 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் சுமார் 43 யூனிட் ஏறும். அதுவும் நம் ஸ்லாப் முறையில் கடைசி யூனிட்டுகளுக்குத்தான் விலை அதிகம். ரேமில் மிச்சம் பிடித்ததை மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிவரும். நிறைய ரேம் நிஜமாகவே வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

இப்போது பலரும் சர்வராக ஓட்டுகிற மினி பிசிக்களில் பெரும்பாலும் லேப்டாப் ரேம், ஈசிசி கிடையாது. அங்கே ப்ராசஸர் பெயரை வைத்து ரேம் வாங்காதீர்கள். இன்டெல் என்100 உள்ள பெட்டிகளில் ஒன்றில் டிடிஆர்4 இருக்கும், இன்னொன்றில் டிடிஆர்5 இருக்கும், சிலதில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மூடியைத் திறந்து பார்ப்பதுதான் நிச்சயம். திறக்க முடியாவிட்டால் லினக்ஸில் 'டிஎம்ஐடீகோட்' என்ற கட்டளை ஸ்டிக்கின் வகை, வேகம், ஸ்லாட் எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லும்.

கடைசியில் என்ன செய்தேன்

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. செகண்ட் ஹேண்டில் விற்கிற ஒருவரிடம் "ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்டேன். 8ஜிபி, 2ஆர்×8, பிசி3எல்-12800ஈ. ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்றும் பேசிக்கொண்டேன். முதலில் ஒன்று மட்டும் வாங்கினேன். 4 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டால் ஸ்லாட் இரண்டும் அடைந்துபோகும், பிறகு கூட்ட வேண்டுமென்றால் அவற்றைத் தூக்கிப்போடணும். ஒரு ஸ்டிக் மட்டும் இருந்தால் நினைவக வேகம் பாதியாகும் என்பது உண்மைதான், ஆனால் ஃபைல் பகிர்கிற சர்வரில் அது கையில் படவே இல்லை. அடுத்த மாதம் இரண்டாவதை வாங்கி 16 ஆக்கினேன்.

போட்டவுடன் வேலைக்கு விடவில்லை. மேலே சொன்ன ஆய்வு ஞாபகம் இருக்கட்டும்: கெட்ட ஸ்டிக் திரும்பத் திரும்பப் பிழை தரும், சோதித்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். காலையில் பூஜ்யம். பிறகு 'டிஎம்ஐடீகோட்' போட்டு மொத்த அகலம் 72, தரவு அகலம் 64 என்று இருக்கிறதா பார்த்தேன். பிழை திருத்தும் வகை என்ற இடத்தில் ஈசிசி என்று வந்தது. இரண்டும் வந்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

லினக்ஸ் கர்னலில் 'எடாக்' என்று ஒரு பகுதி, திருத்தப்பட்ட பிழைகளை எண்ணி வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு அதை ஒரு தடவை பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. இதுவரை பூஜ்யம்தான். எண் ஏற ஆரம்பித்தால் படங்கள் கெடுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதற்காகப் பேக்கப்பை நிறுத்திவிடவில்லை. இப்போது மூன்று பிரதிகள், ஒன்று அக்கா வீட்டில். ஈசிசி ரேம் திருடனையோ, வெள்ளத்தையோ, நானே தப்பாக அழிப்பதையோ தடுக்காது.

முதலில் வாங்கிய 'ஆர்' ஸ்டிக் இரண்டையும் ஒரு நண்பரிடம் கொடுத்தேன். அவரிடம் இரண்டு ப்ராசஸர் உள்ள பழைய ஒர்க்ஸ்டேஷன் இருக்கிறது. போட்டதும் முதல் தடவையே ஓடியது. "நல்ல ரேம்டா, எங்க புடிச்ச?" என்று கேட்கிறார்.

நீங்கள் ரேம் வாங்கப் போகும்போது இதைச் செய்யுங்கள்: இப்போது பெட்டியில் இருக்கிற ஸ்டிக்கைக் கழற்றி, ஸ்டிக்கரைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் "சர்வர் ரேம்" என்று கேட்காதீர்கள். அந்தப் போட்டோவைக் காட்டி, "கடைசி எழுத்து இதேதான் வேணும்" என்று கேளுங்கள்.